தோளோடு நின்ற கை

அத்தியாயம் பதினான்கு

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஓட்டுநர் தம் உடன்பிறந்த தம்பியைக் குடும்பக் குழுவிலிருந்து ஏழாவது முறையாக நீக்கினார்.

கைப்பேசியில் இயங்கிய அந்தக் குழுவில் உறவினர் நாற்பத்தொருவர் இருந்தனர். ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து இவர் நீக்குவதும், ஐந்து நிமிடத்துக்குள் பெரிய அக்கா திரும்பச் சேர்ப்பதுமாகவே நாள்கள் கழிந்தன. சேர்த்த கையோடு அக்கா குரல் பதிவு ஒன்றும் அனுப்பிவிடுவாள்.

"என்ன இருந்தாலும் ஒரே ரத்தம்டா."

"ரத்தம்தான் அக்கா. அதான் கொதிக்குது" என்று ஓட்டுநர் பதில் அனுப்பிவிட்டு, பள்ளிப் பேருந்தின் சாவியைத் தேடப் போனார்.

கொதிப்பதற்குக் காரணம் இருந்தது. மகளிர் கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்து இறுதிப் போட்டிக்குக் குறிக்கப்பட்டிருந்த நடுவர் காய்ச்சலில் விழ, அவருக்கு மாற்றாக வந்தவர் இந்தத் தம்பி. உறவில் அவருக்கு 'விசில்' என்று பெயர். களத்தில் ஓர் அணியின் தலைவி, அவருடைய சொந்த அண்ணன் மகள். வீட்டிலும் அவளைக் கேப்டன் என்றே அழைப்பார்கள். உறவை மறைக்காமல் சொல்லி, இரு கல்லூரிகளும் சம்மதித்துக் கையெழுத்திட்ட பிறகே ஆட்டம் தொடங்கியது.

கேப்டனின் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கடைசி நிமிடத்தில், எதிரணியின் நான்காம் எண் ஆட்டக்காரி தலை உயரத்துக்குக் காலை வீசினாள். விசில் ஒலித்தது. ஃப்ரீ கிக்கைக் கேப்டன் உதைத்தாள். பந்து எவர் மேலும் படாமல் நேரே வலைக்குள் புகுந்தது. நடுவர் 'கோல் இல்லை' என்றார்.

ஃப்ரீ கிக் இரு வகைப்படும். நேரடி வகையில் பந்தை நேராகவே கோலுக்குள் அடிக்கலாம். அதற்கு நடுவர் கையைத் தோள் மட்டத்தில் நீட்டித் திசையைக் காட்டுவார். தலை உயரத்துக்குக் காலை வீசுவதுபோன்ற ஆபத்தான ஆட்டத்துக்குரிய மறைமுக வகையில், இடையில் இன்னொருவர் பந்தைத் தொட்டாக வேண்டும். அதற்கு அவர் கையைத் தலைக்கு மேலே செங்குத்தாகத் தூக்கி, இன்னொருவர் தொடும் வரை இறக்காமல் நிற்க வேண்டும். தூக்கத் தவறி, பந்து நேரே வலைக்குள் போய்விட்டால், அந்த உதையை மீண்டும் எடுக்கச் சொல்ல வேண்டும். விதிப்புத்தகம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. வாசிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும். வாசித்தும் கடைப்பிடிக்காதவர்களைத்தான் ஒன்றும் செய்ய இயலாது.

"சித்தப்பா, நீங்க கையைத் தூக்கவே இல்லையே!" என்று கேப்டன் கத்தினாள்.

ஐந்தே சொற்கள். அதற்குச் சிவப்பு அட்டை. அதோடு நில்லாமல், 'தகாத சொற்களால் நடுவரை ஏசினார்' என்று கால்பந்துச் சங்கத்துக்கு அறிக்கை. அறிக்கையைச் சங்கத்தின் ஒழுங்குக் குழு ஏற்றுக்கொண்டால் ஓராண்டுத் தடை. கேப்டனுக்குக் கல்லூரியில் இதுவே கடைசி ஆண்டு. அடுத்த மாதம் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு. ஓராண்டு கழித்துத் தடை நீங்கும்போது ஆடுவதற்கு அவளுக்கு அணி இராது.

விசாரணை இன்று மாலை நான்கு மணிக்கு.

"வீடியோ எடுத்தேன், வீடியோ எடுத்தேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. அதுல உங்க தம்பி கை தெரியுதா, தெரியலையா?" என்று அடுக்களையிலிருந்து கேட்டாள் ஓட்டுநரின் மனைவி. அவள் இயன்முறை மருத்துவர். நோயாளிகளுக்குப் பிசியோ அம்மா.

"கேப்டன் நல்லாத் தெரியுறா" என்றார் ஓட்டுநர்.

"அப்பா வீடியோல பந்தே இல்லம்மா. தொண்ணூறு நிமிஷமும் என் மூஞ்சிதான். ஒரு இடத்துல மூக்கைச் சிந்துறேன், அது மட்டும் ரொம்பத் தெளிவா இருக்கு."

"பெத்தவன் புள்ளையைப் பார்ப்பானா, பந்தைப் பார்ப்பானா?"

கேப்டன் சிரிக்கவில்லை. மேசையில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று சங்கத்தின் அழைப்பு. மற்றொன்று அவளுடைய கல்லூரியின் ஒற்றை வாக்கியம்: 'நிர்வாகம் இவ்விவகாரத்தில் தலையிட விரும்பவில்லை.' கோப்பையோடு வந்திருந்தால் வாயிலில் வரவேற்புப் பலகை வைத்திருப்பார்கள். தோற்று வந்த பெண்ணுக்கு ஒரு வாக்கியமே மிகுதி என்று கருதிவிட்டார்கள்.

"கோச் ஃபோன் பண்ணினார்மா. மன்னிப்பு எழுதிக் கொடுத்துடு, மூணு மாசமாக் குறைச்சிடுவாங்கன்னு சொல்றார்."

"மூணு மாசம்னா தேர்வு?"

"போச்சு. நான் திட்டவே இல்லையேம்மா! திட்டியிருந்தாலாவது ஒரு திருப்தி இருந்திருக்கும்."

பிசியோ அம்மா ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் இறங்கிப் பதிந்து நின்றது.

"மன்னிப்பு எழுதாதே. அங்க போய் ஒண்ணே ஒண்ணு கேளு. அன்னைக்குக் கையை எப்படித் தூக்கினார்னு அவரைத் தூக்கிக் காட்டச் சொல்லு."

"அதுல என்னம்மா இருக்கு? தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டே இருப்பார்."

"கேளு."

"ஏன்னு சொல்லேன்."

"சொல்றதைச் செய்டி. ஒரு தடவையாவது."

ஓட்டுநர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பதினாறு ஆண்டுகளாகக் குழந்தைகள் நிறைந்த பேருந்தை ஓட்டுபவர். எந்தத் திருப்பத்தில் பேசக் கூடாது என்பதை அறிந்தவர். "நான் வீட்டுக்குள்ள வெறும் லைன்ஸ்மேன்தான். கொடி காட்டலாம், விசில் கிடையாது" என்று முணுமுணுத்தபடி வெளியேறினார்.

படியில் இறங்கும்போது கைப்பேசி ஒலித்தது. அக்கா தம்பியை மறுபடியும் சேர்த்துவிட்டிருந்தாள்.

*

பிசியோ அம்மாவின் சிகிச்சைக்கூடம், மருந்துக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது. இரண்டு கட்டில்கள். கதவு நிலையில் தொங்கிய கப்பியும் கயிறும். சுவரில், விரல்களால் படிப்படியாக ஏறிப் பழகுவதற்கான மர ஏணி. மூலையில், சக்கரம் வைத்த ஆளுயரக் கண்ணாடி.

வியாழன் பதினொரு மணி, கடந்த பத்து வாரங்களாக ஒரே நோயாளிக்கு உரியது. அந்த நோயாளியின் பெயர் வருகைப் பட்டியலில் இராது. அவர் பின்பக்கப் படிக்கட்டு வழியாக வருவார். பின்பக்கமாகவே இறங்கிப் போவார்.

இன்று வரமாட்டார் என்றே அவள் எண்ணியிருந்தாள். வந்தார்.

"அண்ணி, நாலு ராத்திரியாத் தூக்கமே இல்லை. வலது பக்கம் திரும்பிப் படுக்க முடியல."

"மனசாட்சியா இருக்கும். அதுக்கு இங்க வைத்தியம் கிடையாது."

"தோளு அண்ணி."

"தெரியும். சட்டையைக் கழட்டுங்க, தம்பி."

நடுவர் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். நாற்பத்தாறு வயது; கால்களில் இன்னும் ஓட்டக்காரரின் திண்மை. வலது தோள் மட்டும் கடந்த ஓராண்டாகச் சிறிது சிறிதாக இறுகிப் பூட்டிக்கொண்டிருந்தது. உறைந்த தோள் என்பார்கள். சங்கத்துக்குத் தெரிந்தால் நடுவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அண்ணனுக்குத் தெரிந்தால் அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் நாற்பத்தொரு பேருக்கும் தெரியும். ஆகவே இந்தச் செய்தி, அண்ணி ஒருத்தியிடம் மட்டுமே இருந்தது.

"தூக்குங்க" என்றாள்.

அவர் தூக்கினார். கை பக்கவாட்டில் எழுந்து தோள் மட்டத்துக்கு வந்தது. அங்கிருந்து கை எழவில்லை. உடம்பு இடப்புறம் சாய்ந்தது. மூட்டுகளை அளக்கும் பாகைமானியை அவள் வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு பாகை; நேராக மேலே எழுந்தால் நூற்றெண்பது.

"கை எங்க இருக்கு தம்பி?"

"காதுகிட்ட."

"நிச்சயமா?"

"என் கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா அண்ணி?"

தெரியாது. அதுதான் இந்த நோயின் விந்தை. தோள் பூட்டிக்கொண்டவர், மூட்டு செய்ய மறுக்கும் வேலையை முதுகையும் இடுப்பையும் சாய்த்துச் செய்து, கை உச்சிக்குப் போய்விட்டது என்றே நம்புவார். அந்த நம்பிக்கையை உடைக்கத்தான் ஆளுயரக் கண்ணாடி. மற்ற நோயாளிகள் எல்லோரும் அதன் முன்னால் நின்றே பயில்வார்கள். இவர் மட்டும் பத்து வாரமும் அதே பதிலைச் சொன்னார்: "கண்ணாடி வேண்டாம் அண்ணி. என் மூஞ்சி எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் வரிசையிலிருந்து அவள் கண்டது, இதோ இந்தச் சாய்வைத்தான். இருபத்திரண்டு பெண்கள் நின்ற களத்தில், தோள் மட்டத்தில் நீண்ட ஒரு கை. அதைப் பார்த்த எவளும் நேரடி உதை என்றே கொள்வாள். கேப்டனும் அப்படியே கொண்டாள்.

தவறு செய்ததை அறியாமை குற்றம் அன்று. அறிவதற்கு மூலையில் ஒரு கண்ணாடி காத்திருக்க, அதை வேண்டாம் என்றது குற்றம். அந்தக் குற்றத்துக்கு ஒரு பெண்ணைத் தண்டித்தது பெருங்குற்றம்.

"அந்த ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிடுங்க, தம்பி."

"முடியாது."

"நீங்க தோள்ல தூக்கித் திரிஞ்ச பொண்ணு. இதே தோள்ல."

"அந்தப் பொண்ணுதான் அத்தனை பேர் முன்னால என் தோளைக் குத்திக் காட்டினா!" நடுவர் சட்டென்று நிமிர, வலி அவரை மீண்டும் குனிய வைத்தது. "'கையைத் தூக்கவே இல்லை'ன்னு கத்துறா. அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இந்த விஷயம் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"நான் வாயைத் திறக்கலை. அவ கண்ணால பார்த்ததைச் சொன்னா."

"நம்பச் சொல்றீங்க?"

"அதுக்காகத்தான் அந்தச் சிவப்பு அட்டையா? என் மேல இருந்த கோவத்துக்கா?"

அவர் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது.

"ஏசினான்னு எழுதினீங்களே. என்னன்னு ஏசினா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நடுவர் தீர்ப்பு இறுதி, அண்ணி."

"அப்ப நானே குழுகிட்டப் பேசுறேன்."

நடுவர் சிரித்தார். ஞாயிறன்று சிவப்பு அட்டையை நீட்டியபோது இருந்த அதே நிதானம் அந்தச் சிரிப்பிலும் இருந்தது.

"பேசுங்க. சீசன் ஆரம்பத்துல ஒரு படிவம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? 'வலது தோள், நூத்தெழுபது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு?"

அவள் மறந்திருந்தால்தானே நினைவு வருவதற்கு. உடற்தகுதிப் படிவத்தில் மூட்டுகளின் அசைவை இயன்முறை மருத்துவர் அளந்து எழுத வேண்டும். அன்று அளவு நூற்றுப் பத்து. 'மூணு மாசத்துல சரியாயிடும் அண்ணி, இந்த ஒரு சீசன் மட்டும்' என்று அவர் கெஞ்சினார். கண் கலங்கினார். அவள் நூற்றெழுபது என்று எழுதினாள். இருபத்தோராண்டுத் தொழிலில் அவள் எழுதிய ஒரே பொய் அது. அதையும் உறவுக்காக எழுதினாள்.

"நான் விழுந்தா தனியா விழமாட்டேன், அண்ணி. உங்க லைசன்ஸும் சேர்ந்துதான் விழும்."

அவளுடைய கட்டைவிரல் அப்போது அவருடைய தோள் மூட்டின் விளிம்பில் இருந்தது. ஓர் அழுத்து அழுத்தினால் மனிதர் எழுந்து கூரையைத் தொட்டுவிடுவார். அவள் அழுத்தவில்லை. சிகிச்சைக் கட்டிலில் கிடப்பவனிடம் பழி வாங்குவது அவளுடைய தொழிலுக்கு இழுக்கு. எனினும் பழியையே அவள் கைவிட்டுவிட்டாள் என்று எவரும் எண்ண வேண்டா. பதினைந்து நிமிடச் சிகிச்சையை ஒரு நிமிடமும் குறைக்காமல் செய்து முடித்தாள்.

ஒவ்வொரு வாரமும் சட்டையின் வலது கையை அவளே பிடித்து மாட்டிவிடுவாள். இன்று கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி... சட்டை."

"மாட்டிக்கங்க."

அவர் முயன்றார். சட்டை முதுகில் தொங்கியது. வலது கை, துளையைத் தேடித் தேடிக் காற்றில் துழாவியது. நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடமும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாலு மணிக்கு லேட்டாகாதீங்க, தம்பி" என்றாள்.

*

சங்க அலுவலகத்தின் விசாரணை அறையில் ஒரு நீண்ட மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரை அடைத்துக்கொண்டு கோப்பைகள் நிறைந்த ஒரு கண்ணாடி அலமாரி. குழுவில் மூவர். தலைவி ஒரு காலத்தில் கூடைப்பந்து ஆடியவர். அமர்ந்திருக்கும்போதே மற்ற இருவரைவிட உயரமாகத் தெரிந்தார். ஓர் உறுப்பினர் குறிப்பெடுத்தார். இன்னோர் உறுப்பினர், மதிய உணவின் பின்விளைவோடு போராடிக்கொண்டிருந்தார்.

பெற்றோர் உடன் இருக்கலாம், பேசக் கூடாது. பிசியோ அம்மா கடைசி வரிசையில் அமர்ந்தாள். ஓட்டுநர் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரத் தாமதமாகும்.

தலைவி அறிக்கையைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நடுவரைப் பார்த்தார்.

"தகாத சொற்கள்னு எழுதியிருக்கீங்க. என்ன சொற்கள்?"

"கேவலமாப் பேசினாங்க, மேடம்."

"அது உங்க அபிப்பிராயம். நான் கேட்கிறது அவங்க சொன்ன வார்த்தையை. அப்படியே எழுதணும்னு விதி. இருபது வருஷமா நடுவரா இருக்கீங்க."

நடுவர் தம் அறிக்கையை ஒரு முறை பார்த்தார். "'நீங்க கையைத் தூக்கவே இல்லையே'ன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

குறிப்பெடுத்தவரின் பேனா நின்றது.

"இதுல ஏச்சு எங்கங்க இருக்கு?" என்றார் தலைவி.

"பொய்ப் பழி, மேடம். நான் தூக்கியிருக்கும்போது தூக்கலைன்னு கூட்டத்துக்கு முன்னால சொன்னது என் நேர்மையை அசிங்கப்படுத்துற மாதிரி."

"ஆக, நீங்க தூக்கினீங்க."

"தூக்கினேன்."

தலைவி கேப்டனைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

கேப்டன் எழுந்தாள். ஒரு கணம் தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எப்படித் தூக்கினார்னு தூக்கிக் காட்டச் சொல்லுங்க, மேடம்."

உறங்கிக்கொண்டிருந்த உறுப்பினர்கூடக் கண் திறந்தார்.

நடுவர் எழுந்து நின்றார். அண்ணியின் பக்கம் ஒரு பார்வை போனது. பின்பு, சிறிதும் தயங்காமல், கையை உயர்த்தினார். காதை ஒட்டி, கூரையை நோக்கி, அம்பு போல் நேராக நின்றது கை.

இடது கை.

பிசியோ அம்மாவின் நகங்கள் நாற்காலியின் விளிம்பில் பதிந்தன. பேசக் கூடாது. பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த ஒன்றை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. பத்து வாரங்களாக வலது தோளையே பார்த்திருந்தவளுக்கு, அவரிடம் இன்னொரு கையும் இருப்பது மறந்துபோயிற்று.

"சரியாத்தானே இருக்கு" என்றார் குறிப்பெடுப்பவர்.

"உட்காருங்க" என்று தலைவி சொல்லத் தொடங்கினார்.

"இந்தக் கை இல்லை, மேடம்." கேப்டன் உட்காரவில்லை. "ஃப்ரீ கிக்குக்கு முன்னாடி நாலாம் நம்பருக்கு மஞ்சள் அட்டை கொடுத்தார். அவ பேரை எழுதின குறிப்பேடும் அட்டையும் இடது கையிலதான் இருந்துச்சு. பாக்கெட்ல வைக்கவே இல்லை. அப்படியே விசில் ஊதினார். நீட்டினது வலது கை."

தலைவி அறிக்கையைப் புரட்டினார். எண்பத்தொன்பதாம் நிமிடம், நான்காம் எண், மஞ்சள் அட்டை. நடுவரின் கையெழுத்திலேயே இருந்தது.

"அப்ப வலது கையைக் காட்டுங்க."

"எந்தக் கையா இருந்தா என்ன மேடம், விதியில எந்தக் கைன்னு..."

"விதியில இல்லை. நான் கேட்கிறேன்."

நடுவர் கால்களைச் சற்றே அகற்றி நின்றார், களத்தில் நிற்பதுபோல. வலது கை எழுந்தது. தோள் மட்டத்துக்கு வந்தது. உடம்பு இடப்புறம் சாய்ந்தது. முகத்தில் கடமையைச் செய்து முடித்தவரின் நிறைவு.

மூவரும் அந்தக் கையையே பார்த்தனர்.

"தூக்குங்க" என்றார் தலைவி.

"தூக்கிட்டேன், மேடம்."

"சார்... தூக்குங்க."

"தூக்கிட்டுத்தானே நிற்கிறேன்!"

எல்லோரும் ஏன் தம்மை அப்படிப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. பார்வையைத் திருப்பினார். எதிரே கோப்பை அலமாரியின் கண்ணாடி. அதில் ஒரு மனிதர், சாய்ந்த மரம்போல் வளைந்து, ஒரு கையை எதிர்ச்சுவரை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றார்.

பத்து வாரம் வேண்டாம் என்றதை, நான்கு மணி இருபது நிமிடத்துக்கு நடுவர் பார்த்தார்.

இரக்கம் வந்துவிடுமோ என்று பிசியோ அம்மா அஞ்சியிருந்தாள். வரவில்லை. மூவரின் கண்ணெதிரே, சொந்த வாயால், சொந்தக் கையால் அவர் தம் தவற்றைத் தாமே மெய்ப்பித்துக் காட்டியதை, கடைசி வரிசையிலிருந்து ஒரு சொல்லும் பேசாமல் அவள் முழுவதுமாக அனுபவித்தாள். கேப்டனின் நான்கு நாள் அழுகைக்கு இது ஈடு. சட்டையின் கையை மாட்டிவிட்ட ஒன்பது வாரங்களுக்கும் ஈடு.

தலைவி பேனாவை எடுத்தார். குற்றச்சாட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"ஏச்சு இல்லை. தடையும் இல்லை. நீ தேர்வுக்குப் போகலாம்மா. மேட்ச்சைத் திரும்ப ஆடணுமான்னு விதிக்குழு சொல்லும்."

கேப்டன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உட்காருங்க சார்" என்றார் தலைவி. குரலில் முன்னைவிட மென்மை இருந்தது. அந்த மென்மை நீடிக்கவில்லை. "இது போன வாரம் வந்த வலி இல்லை. எங்க வீட்டுலயும் ஒருத்தருக்கு இருந்துச்சு, எனக்குத் தெரியும். இந்தத் தோளை வச்சுக்கிட்டு உங்களை யார் களத்துக்குள்ள விட்டது?"

குறிப்பெடுப்பவர் கோப்புக்கட்டைப் பிரித்து ஒரு தாளை நீட்டினார். உடற்தகுதிப் படிவத்தின் நகல்.

"வலது தோள், நூற்றெழுபது பாகை" என்று தலைவி வாசித்தார். நடுவரைப் பார்த்தார்; மீண்டும் தாளைப் பார்த்தார். "நூற்றெழுபது! இது அறியாமை இல்லை, பொய். முத்திரை நகல்ல கறுப்பா விழுந்திருக்கு. கையெழுத்தும் புரியலை. யாருங்க இவங்க?"

வாயிற்பக்கம் சாவிக்கொத்தின் ஒலி கேட்டது. ஓட்டுநர், சீருடையோடு மூச்சிரைக்க வந்து நின்றார். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்தது.

"சொல்லுங்க சார். யார் எழுதிக் கொடுத்தது?"

நடுவர் தலை நிமிர்ந்தார். கண்ணாடி அலமாரியில் தம்மைக் கண்ட கணத்திலிருந்து அவருடைய முகத்தில் இல்லாத ஒளி இப்போது திரும்பி வந்தது. அவர் வாயால் சொல்லவில்லை. வலது கையையே உயர்த்தினார். அந்தக் கையால் மேலே காட்டத்தான் இயலாது. எதிரே காட்ட இயலும். தோள் மட்டத்தில், சாய்வின்றி, வலியின்றி, திசை தவறாமல் அது கடைசி வரிசையை நோக்கி நீண்டது.

அது நீள்வதற்குள், கடைசி வரிசையில் இன்னொரு கை எழுந்திருந்தது. காதை ஒட்டி, கூரையை நோக்கி, நூற்றெண்பது பாகை.

"நான்தான், மேடம்" என்றாள் பிசியோ அம்மா.

ஓட்டுநரின் சாவிக்கொத்து ஓய்ந்தது. கேப்டன் மெல்லத் திரும்பினாள். நீண்ட கையைப் பார்த்தாள். உயர்ந்த கையைப் பார்த்தாள். காலையில் அடுக்களையில் கேட்டு விடை பெறாத கேள்விக்கு விடை அவளுடைய முகத்தில் சிறிது சிறிதாக வந்து சேர்ந்தது.

"அப்ப... அவரால தூக்க முடியாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். "ஞாயித்துக்கிழமையே தெரியும். மேட்ச்சுக்கு முன்னாடியே தெரியும். இல்லையாம்மா?"

"கையை இறக்குங்கம்மா" என்றார் தலைவி.

இன்னொருவர் பந்தைத் தொடும் வரை, தூக்கிய கையை இறக்கக் கூடாது என்பது விதி. மகள் அருகில் வரவில்லை, அப்பாலும் போகவில்லை. பிசியோ அம்மா கையை இறக்காமல் நின்றாள்.